அந்த ஊரில் என்ன இருக்கிறது?

பிளஸ் டூ முடிவு வந்த வாரம் தொடங்கி கவுன்சலிங் முடியும்வரை தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே பேச்சுதான். “படிச்சா சென்னையில படிக்கணும், விட்டா கோயம்புத்தூர். சின்ன ஊர்ல போய் உட்கார்ந்தா என்ன எக்ஸ்போஷர் கிடைக்கும்?” இதைச் சொல்பவர் பெரும்பாலும் ஒரு சித்தப்பாவாக இருப்பார், அல்லது ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட அண்ணனாக இருப்பார். அவரே விருத்தாசலத்திலோ அறந்தாங்கியிலோ படித்து மேலே வந்தவராக இருப்பது வேறு கதை. கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாவும் அம்மாவும் தலையாட்டுவார்கள். பிள்ளைக்கு மொழியியலில் ஆர்வமா, கடல் உயிரியலில் ஆர்வமா என்று யாரும் விசாரிப்பதில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டதுமே தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு தவறானது. அதோடு, சிலருக்கு மிகவும் வசதியானதும்கூட. சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிள்ளைகள் படும் பாடு பொய்யில்லை. பாடம் நடத்த நிரந்தர ஆசிரியர் இல்லாத வகுப்புகள் உண்டு. வாங்கிய பட்டம் செல்லுமா செல்லாதா என்று அலைந்தவர்கள் உண்டு. கட்டணத்தை எதிர்த்து வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடியவர்கள் உண்டு. ஏன் இப்படி என்று கேட்டால், “சின்ன ஊர், அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. ஊருக்கு வாய் கிடையாது. எந்தப் பழியைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். பொறுப்பில் இருந்தவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். பொத்தாம்பொதுவாகப் பேசாமல் சிதம்பரத்தை எடுத்துக்கொள்கிறேன். ரயில் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலைநகரில் பரந்து கிடக்கும் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்கிறேன். 1929-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இந்த வழக்குக்கு அதைவிட மூத்த சாட்சி கிடையாது.

முதலில் ஊரின் அளவு. 2011 கணக்கெடுப்பில் சிதம்பரம் நகராட்சியின் மக்கள்தொகை 62 ஆயிரத்தைச் சுற்றி. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிற இதாகா அதில் ஏறக்குறைய பாதி. பிள்ளைக்கு கார்னெலில் இடம் கிடைத்தால் அதே சித்தப்பா தெருவெல்லாம் இனிப்பு கொடுப்பார். இதாகாவில் எத்தனை மால் இருக்கிறது என்று விசாரிக்க மாட்டார். அவ்வளவு தூரம் போவானேன். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சிஎம்சி. அங்கே மருத்துவம் படித்தவருக்கு எக்ஸ்போஷர் போதவில்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாட்டின் முதல் ஐஐடியை 1951-இல் கல்கத்தாவில் திறக்கவில்லை, காரக்பூரில் பழைய ஹிஜ்லி தடுப்பு முகாம் கட்டடத்தில் திறந்தார்கள். பிட்ஸ் பிலானி ராஜஸ்தான் மணலில் இருக்கிறது. ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி வந்தது 1847-இல், கங்கைக் கால்வாய் வெட்டிய காலத்தில்.

“அதெல்லாம் பெரிய நிறுவனங்கள் சார். நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பணம் இருக்கிறது, நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறது” என்று பதில் வரும். வரட்டும். அந்தப் பதிலைச் சொன்ன வாயால் ஊரைப் பற்றிய புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆசிரியரும் பணமும் நிர்வாகமும்தான் ஒரு கல்வி நிலையத்தை ஆக்குகின்றன, அழிக்கின்றன என்று ஒப்புக்கொண்ட பிறகு ஊரின் அளவுக்கு இந்தப் பேச்சில் என்ன வேலை?

பழைய கதை ஒன்று. கணித மேதை எஸ்.எஸ். பிள்ளை செங்கோட்டைப் பக்கம் வல்லத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய 1929-இலேயே விரிவுரையாளராக வந்து 1941 வரை சிதம்பரத்தில் இருந்தார். எண் கோட்பாட்டில் வாரிங் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்த முழு எண்ணையும் குறிப்பிட்ட அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத அதிகபட்சம் எத்தனை எண்கள் தேவைப்படும் என்பது கேள்வி. 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. 1930-களின் நடுவில் இதற்கு ஏறக்குறைய முழுமையான விடையை இரண்டு பேர் தனித்தனியாக எட்டினார்கள். ஒருவர் சிகாகோவில் இருந்த டிக்சன். மற்றவர் சிதம்பரத்தில் இருந்த பிள்ளை. ஆறாம் அடுக்குக்கு 73 எண்கள் போதும் என்று 1940-இல் நிறுவியதும் பிள்ளைதான். தன் முக்கியமான கட்டுரைகளில் சிலவற்றை அவர் வெளியிட்டது எங்கே தெரியுமா? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்விதழில். 1930-களின் நடுவில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. இணையம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், இந்தச் சின்ன ஊரில் ஒரு மனிதர் சிகாகோவுக்குச் சமமாக உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். இன்று ஒவ்வொரு மாணவர் பையிலும் இணையம் இருக்கிறது. ஊரைத்தான் குறை சொல்கிறோம்.

அவர் மட்டும் விதிவிலக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. மட்டக்களப்புச் சீமையிலிருந்து வந்த விபுலானந்த அடிகள் 1931-இல் அங்கே தமிழ்ப் பேராசிரியரானார். பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரேதான். நாட்டின் பெரிய பேச்சாளர்களில் ஒருவரான சீனிவாச சாஸ்திரி துணைவேந்தராக வந்து ஐந்து ஆண்டுகள் இருந்தார். தமிழில் பாடினால் கச்சேரி ஆகாது என்று சென்னை சபாக்கள் முகம் சுளித்த காலத்தில், 1941-இல், தமிழிசை மாநாடு நடந்தது அண்ணாமலைநகரில். பெரிய நகரம் பழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது சின்ன ஊர் அதை உடைத்தது. தண்டபாணி தேசிகர் அங்கே இசைத்துறைக்குத் தலைவராக இருந்தவர்.

“பழம்பெருமை பேசுகிறீர்கள், இன்றைய பிள்ளைக்கு இதனால் என்ன?” நியாயமான கேள்வி. இன்றைய வகுப்பறைக்கே வருகிறேன்.

சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டைக்குப் பஸ் ஏறினால், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. இந்தியாவில் தொடர்ச்சியாகவும் நுணுக்கமாகவும் ஆராயப்பட்ட கழிமுகங்களில் வெள்ளாறும் ஒன்று. காரணம் எளிது: ஆராய்கிறவர்கள் அதன் கரையிலேயே குடியிருந்தார்கள். நன்னீரும் உப்புநீரும் ஏற்ற வற்றத்தோடு கலந்து பிரிவதைப் புத்தகத்தில் படித்துவிட்டு மாலையில் போய் நேரில் பார்க்கலாம். தெற்கே கொஞ்ச தூரத்தில் பிச்சாவரம். சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் அடர்ந்த அலையாத்திக் காடு. சுற்றுலாப் பயணிகள் ஒரு மணி நேரம் படகில் போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிற இடம் இந்த மாணவருக்குச் சோதனைக்கூடம். உப்பேறிக் காடு பட்டுப்போன இடங்களில் மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி, ஏற்ற நீரை உள்ளே விட்டு, மறுபடி அலையாத்தி வளர்த்த வேலையும் பிச்சாவரத்தில்தான் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து செய்தது. சென்னையில் கடல் உயிரியல் படிக்கிற பிள்ளை இதைப் பார்க்க வேண்டுமானால் துறையில் அனுமதி வாங்கி, வேன் பிடித்து, இரண்டு நாள் “ஃபீல்டு ட்ரிப்” வர வேண்டும். எக்ஸ்போஷர் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று இப்போது நான் கேட்கிறேன்.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. கதிரேசன், ராஜேந்திரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கரையோரத்தில் 18 குடியிருப்புகளில் கணக்கெடுத்து, அலையாத்திக் காடு இருந்த இடங்களில் சேதம் குறைந்தது என்று 2005-இல் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். கதிரேசன் பரங்கிப்பேட்டை மையத்துப் பேராசிரியர். உலகம் முழுக்க அந்தக் கட்டுரையைப் படித்தார்கள். அடுத்த ஆண்டே வெளிநாட்டு ஆய்வாளர்கள் மறுப்பு எழுதினார்கள்: காடு காப்பாற்றவில்லை, கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமும்தான் காப்பாற்றின, புள்ளிவிவரத்தைத் திரும்பப் பாருங்கள் என்றார்கள். யார் சொன்னது சரி என்பது இங்கே என் வழக்கில்லை. அந்த விவாதம் இன்னும் முழுதாக ஓயவில்லை. உலக அளவில் ஒரு கருத்துச் சண்டை மூண்டது, அதன் தரவு பிச்சாவரம் பக்கத்துக் குப்பங்களில் நடந்து நடந்து எடுத்தது என்பதுதான் நான் சொல்ல வருவது. அந்தக் காலத்தில் அங்கே முதுகலை படித்த மாணவருக்கு அறிவியல் என்றால் என்ன என்று வேறு யாரும் வந்து விளக்கியிருக்கத் தேவையில்லை.

வேளாண் புலமும் அப்படித்தான். காவிரிப் பாசனத்தின் கடைமடை அந்தப் பகுதி. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் எப்போது வந்து சேரும், வருமா, வந்தால் வடியுமா என்பது காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயிக்கு அன்றாடக் கவலை. வீராணம் ஏரியிலிருந்து தண்ணீர் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது; சென்னைக்குக் குடிநீர், இங்கே வயலுக்கு முறைப்பாசனம். கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறும் பருவத்தில் இறுதியாண்டு மாணவர் இந்தக் கணக்கை விவசாயியிடமே கற்றுக்கொள்கிறார். மொழியியல் துறையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். தமிழ் வட்டார வழக்குகளையும் மற்ற திராவிட மொழிகளையும் களத்தில் போய்ப் பதிவுசெய்து இலக்கணம் எழுதிய ஒரு தலைமுறையையே உருவாக்கிய துறை அது. இன்று சென்னையில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும்.

இனித் தங்குமிடம். சென்னையில் படிக்கும் வெளியூர்ப் பிள்ளையின் வாழ்க்கையைச் சித்தப்பா அருகில் வந்து பார்த்திருக்க மாட்டார். விடுதி கிடைக்காவிட்டால் பிஜி. ஒரு அறையில் நாலு கட்டில், ஒரு ஜன்னல், அதையும் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கலாம் என்றால் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். கட்டுப்படியாகிற வாடகைக்குத் தள்ளித் தள்ளிப் போனால் காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் தொங்க வேண்டும். கன்னிமாரா நூலகமும் எழும்பூர் அருங்காட்சியகமும் இருக்கின்றன, சரி. பெருங்களத்தூரிலிருந்து தினமும் கிளம்பி வகுப்புக்குப் போய்த் திரும்புகிற பெண் வருஷத்துக்கு எத்தனை முறை அங்கே போகிறாள்? ஊரில் ஒரு வசதி இருப்பதும் அது நம் கைக்கு எட்டுவதும் ஒன்றில்லை.

அண்ணாமலைநகரில் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வளாகத்துக்குப் போகலாம். சீர்காழியிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் சீசன் டிக்கெட் எடுத்துப் பாசஞ்சர் ரயிலில் வந்து போகிறவர்களுக்குத் தங்கும் செலவே இல்லை. புவனகிரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ். விடுதியில் தங்குகிறவருக்கு டிவைடிங் முறை: மாதச் செலவை மொத்தமாகக் கூட்டிச் சாப்பிட்ட நாட்களால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று போர்டில் எழுதிவிடுவார்கள். தமிழ்நாட்டு விடுதிகளில் படித்தவர்கள் எல்லாருக்கும் அந்தப் போர்டு நினைவிருக்கும், அதைப் பார்த்து வாயில் வந்த வார்த்தைகளும் நினைவிருக்கும். சாம்பார் தண்ணீராகத்தான் இருக்கும். நான் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் போய்ச் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டால் ஒரு வாரத்துக்குத் தாங்கும். ஆனால் வகுப்பு முடிந்து பத்து நிமிஷத்தில் அறைக்கு வந்துவிடுகிற பிள்ளைக்கு மாலை முழுக்க மிச்சமிருக்கிறது. நூலகத்தில் கழிக்கலாம், மைதானத்தில் கழிக்கலாம், திண்ணைப் பேச்சிலும் கழிக்கலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த மாலை நேரம் பெரிய சொத்து. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேர்ந்தவருக்கு அப்படி எத்தனை மாலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

“அங்கே ஒன்றும் நடக்காது, தூங்குமூஞ்சி ஊர்” என்பது அடுத்த குற்றச்சாட்டு. வரலாறு தெரியாதவர்கள்தான் இதைச் சொல்ல முடியும். 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளம்பிய மாணவர்கள்மீது அங்கே போலீஸ் சுட்டது. ராஜேந்திரன் என்ற மாணவர் செத்துப்போனார். அவருக்கு அங்கே சிலை இருக்கிறது. இரண்டே ஆண்டில் மாநிலத்தில் ஆட்சி மாறியதற்கு அந்த ஜனவரியும் ஒரு காரணம். திமுகவின் நெடுஞ்செழியனும் அன்பழகனும் அதற்கு முந்திய தலைமுறையில் அங்கே மாணவர்களாக இருந்து அரசியலுக்கு வந்தவர்கள். 1971-இல் முதலமைச்சர் கருணாநிதிக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது எதிர்ப்பு வெடித்து, தடியடி நடந்து, உதயகுமார் என்ற மாணவர் குளத்தில் பிணமாகக் கிடந்தார். திமுகவை வளர்த்த அதே வளாகம் திமுக அரசை எதிர்த்தும் நின்றது. அரசியல் கற்றுக்கொள்ள இதைவிடப் பெரிய ஊர் எது?

அண்மைக் காலத்துக்கும் வருவோம். பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி அரசின் கைக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆன பிறகும் எம்பிபிஎஸ் மாணவரிடம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் 13 ஆயிரத்துச் சொச்சம். 2020 டிசம்பரில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். கொரோனா வார்டில் வேலை பார்த்த பயிற்சி மருத்துவர்களும் உட்கார்ந்தார்கள். விடுதியைக் காலி செய்யச் சொன்னது நிர்வாகம், மெஸ்ஸை மூடியது, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தினார்கள் என்று மாணவர்கள் சொன்னார்கள். அவர்கள் போகவில்லை. 50 நாளுக்கு மேல் நீடித்தது. கடைசியில் கல்லூரியை உயர்கல்வித் துறையிடமிருந்து சுகாதாரத் துறைக்கு மாற்றி, கட்டணத்தை அரசுக் கல்லூரிக் கட்டணமாக்கினார்கள். சின்ன ஊராக இருந்ததால்தான் அது முடிந்தது என்று நினைக்கிறேன். ஒரே வளாகத்தில் தங்கி ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்களை அவ்வளவு சுலபமாகக் கலைக்க முடியாது. நாலாபுறமும் பிஜிக்களில் சிதறிக் கிடக்கும் மாணவர்களை ஒரு வாட்ஸ்அப் வதந்தியே கலைத்துவிடும்.

இந்த இடத்தில் என் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்ளும் சிலரையும் மறுக்க வேண்டியிருக்கிறது. “கோயில் நகரம், அமைதியான சூழல், கவனம் சிதறாது, பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு” என்று சின்ன ஊருக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள். இவர்களுக்கும் சித்தப்பாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஊரில் ஒன்றும் நடக்காது என்று இருவருமே நம்புகிறார்கள், ஒருவர் அதைக் குறையாகச் சொல்கிறார், மற்றவர் நிறையாகச் சொல்கிறார். பாதுகாப்பு என்று இவர்கள் சொல்வது பெரும்பாலும் கண்காணிப்பு. மாலை ஆனதும் பெண்கள் விடுதிக் கதவைப் பூட்டி, நூலகம் ஆண்களுக்கு மட்டும் திறந்திருப்பதைப் பாதுகாப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்கும் வீட்டுக்காரர் சின்ன ஊரில் இருக்கிறார். சென்னையிலும் இருக்கிறார், அங்கே “வெஜ் ஒன்லி” என்று நாகரிகமாகக் கேட்பார். சிதம்பரத்தில் சாதி எவ்வளவு கெட்டியானது என்று தெரிந்ததால்தான் சுவாமி சகஜானந்தா 1916-இல் அங்கேயே நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். தீட்டு என்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படித்து மேலே வந்தார்கள். ஊரின் கேடும் அதற்கான பதிலும் அதே ஊரில் இருந்திருக்கின்றன. சென்னைக்கு ஓடிப்போவதைத் தீர்வாக அவர் சொல்லவில்லை.

வேலை விஷயத்தில் எதிர்த்தரப்பு கொஞ்சம் பலமாக நிற்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கம்பெனிகள் வரிசையாக வருவதில்லை, ஓஎம்ஆரில் இன்டர்ன்ஷிப் போக முடியாது, ஆங்கிலம் பேசிப் பழக ஆள் இல்லை. முதல் இரண்டும் பெருமளவு உண்மை. ஆனால் கம்பெனிகள் வரைபடத்தைப் பார்த்து வருவதில்லை. திருச்சிக்கு வெளியே துவாக்குடியில் இருக்கும் என்ஐடிக்கு வருகிறார்கள். தஞ்சாவூரைத் தாண்டித் திருமலைசமுத்திரத்தில் இருக்கும் சாஸ்த்ராவுக்கு வருகிறார்கள். வேலூருக்கு வருகிறார்கள். கூப்பிட ஆள் இருக்கிற இடத்துக்கு, வேலைவாய்ப்புப் பிரிவு ஒழுங்காக நடக்கிற இடத்துக்கு வருவார்கள். மூன்றாவது புகார் எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கிறது. அண்ணாமலையில் நீண்ட காலமாக வெளிமாநில மாணவர்கள் ஏராளமாகப் படித்திருக்கிறார்கள். வடக்கத்திய நண்பனோடு ஒரே அறையில் தங்கிய கடலூர் மாவட்டத்துப் பையனுக்கு ஆங்கிலம் பழக வேறு வகுப்பு தேவைப்பட்டிருக்காது.

ஆக, எங்கே கெட்டது? ஊரைச் சின்னதென்று கூச்சப்பட்டு, ஊரை விட்டு வெளியே கடை விரித்தபோதுதான் கெட்டது என்பது என் வாதம். 1979-இல் தொலைதூரக் கல்வி தொடங்கியது. நோக்கம் நல்லது, கல்லூரிக்குப் போக முடியாத குமாஸ்தாவும் ஆசிரியையும் பட்டம் வாங்கினார்கள். போகப் போக அது வருமான ஊற்றாகி, மாநில எல்லையைத் தாண்டி, நாட்டு எல்லையையும் தாண்டி மையங்கள் முளைத்தன. அந்தப் பணத்தை நம்பி வளாகத்தில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். வேலைக்கு என்ன வழியில் ஆள் எடுத்தார்கள் என்று கடலூர் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் எழுத வேண்டியதில்லை. 2012-இல் சம்பளத்தைக் குறைப்போம், ஆட்களைக் குறைப்போம் என்று நிர்வாகம் கைவிரித்தது. ஊழியர்கள் போராட்டம், வகுப்புகள் முடக்கம். 2013-இல் அரசு நிர்வாக அதிகாரியை அனுப்பி, பிறகு தனிச் சட்டமும் போட்டு எடுத்துக்கொண்டது. தொலைதூரக் கல்வியின் கதை இன்னும் மோசம். ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்ல, வழக்கு நடக்க, 2014-15க்குப் பிறகு அனுமதி இல்லை என்றாக, அப்போதும் சேர்க்கை நடந்தது. 2022-இல் அந்தப் படிப்புகள் அங்கீகாரம் இல்லாதவை என்று யுஜிசி பகிரங்கமாக அறிவித்தது. கடன் வாங்கிப் பணம் கட்டிப் பட்டம் வாங்கியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். இதில் சிதம்பரம் என்ற ஊர் செய்த தவறு எது? தேரோடும் நான்கு வீதிகளா அனுமதியில்லாமல் மாணவர்களைச் சேர்த்தன?

அரசு எடுத்துக்கொண்ட பிறகாவது சரியானதா என்றால், அரசு முதலில் செய்தது கழிப்பது. உபரி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களை மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். அளவுக்கு மேல் ஆள் இருந்தது உண்மை, அனுப்பியதில் பாதிக்கு நியாயம் உண்டு. ஆனால் எந்தத் துறைக்கு யார் தேவை என்று பார்த்து அனுப்பினார்களா? நல்ல ஆசிரியர்கள் போனார்கள், ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரம்பவில்லை, ஆராய்ச்சி மாணவருக்கு வழிகாட்டி கிடைப்பது குதிரைக்கொம்பானது. பிறகு 2021-இல் விழுப்புரத்தில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தைக் கலைத்து, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரக் கல்லூரிகளை அண்ணாமலையோடு இணைத்தார்கள். ஆராய்ச்சிக்கும் உறைவிடக் கல்விக்கும் என்று எழுப்பிய பல்கலைக்கழகம் இப்போது கல்லூரிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி விடைத்தாள் திருத்த வேண்டும். அந்த வேலைக்கு எத்தனை புதிய ஆட்களைக் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னும் ஊர்தான் காரணம் என்பவர்களுக்கு ஒரு சோதனை வைக்கிறேன். மெரினா கடற்கரைக்கு எதிரே, மாநிலத்தின் தலைநகரத்தில், தலைமைச் செயலகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1857-இல் தொடங்கியது. எக்ஸ்போஷருக்குப் பஞ்சமில்லாத இடம். 2023 ஆகஸ்டில் அதன் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் வருஷம் தாண்டியும் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. 2024-இல் வரி பாக்கி என்று வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது; ஊழியர்களுக்குச் சம்பளம் போடுவதே கேள்விக்குறியானது. ஓய்வூதியர்கள் கொடி பிடித்தார்கள். பேராசிரியர் பணியிடங்கள் அங்கேயும் நிரம்பாமல் கிடக்கின்றன. சிதம்பரத்தில் நடந்தால் சின்ன ஊர்க் கோளாறு. சேப்பாக்கத்தில் அதுவே நடந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

பெற்றோரிடம் எனக்கு வருத்தம் அதிகமில்லை. அவர்கள் கேள்விப்பட்டதைத் திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் ஊரைப் பற்றிக் கேட்கும் நேரத்தில் வேறு சிலவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளை சேரப்போகும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர்? ஆய்வகத்துக்குப் போன ஆண்டு என்ன வாங்கினார்கள்? விடுதியில் இடம் உண்டா, பெண்களுக்கு நூலகம் எத்தனை மணிவரை? பட்டத்துக்கு யுஜிசி அனுமதி கையில் இருக்கிறதா, வழக்கில் இருக்கிறதா? இவற்றுக்குச் சிதம்பரத்தில் சரியான பதில் கிடைக்காவிட்டால் சேர்க்காதீர்கள். தாராளமாக வேறு இடம் பாருங்கள். சென்னையில் கிடைக்காவிட்டாலும் சேர்க்காதீர்கள். பரங்கிப்பேட்டையில் காலியான பேராசிரியர் இடத்தை நிரப்பச் சொல்லி எழுத வேண்டிய முகவரி சிதம்பரத்தில் இல்லை. உயர்கல்வித் துறைச் செயலாளர், தலைமைச் செயலகம், சென்னை 600 009.